இங்கே வெயில், அடுத்த ஊரில் முழங்காலளவு பனி

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, வடக்கே பேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹைவே 400-இல் வொண்டர்லாந்தைத் தாண்டும்போது நல்ல வெயில். பின் சீட்டில் இருந்த அம்மா கண் கூசுகிறது என்று சால்வையை இழுத்து நெற்றியில் விட்டுக்கொண்டார். ஹாலண்ட் மார்ஷ் தோட்டங்களைக் கடந்து மேடேறியபோது வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் தெரிந்தது. இடிமேகம் போல உயரமாக இல்லை. குட்டையாக, அடிப்பக்கம் நிலத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து நிமிடத்தில் நாங்கள் அதற்குள் இருந்தோம். முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கு தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. மிச்சத் தூரத்தை மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது வாசலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே பனி கிடந்தது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்ல அக்காவுக்கு போன் எடுத்தேன். "என்ன கதைக்கிறாய், இங்க ஒரு பொட்டும் விழேல்லை" என்றாள்.

ஒரே நாள், ஒரே மாகாணம், ஒரு மணி நேரச் சொச்ச ஓட்டம். இந்த வித்தியாசத்தைச் செய்தது ஏரி. ஏரியே உண்டாக்குகிற பனிப்பொழிவு என்பதால் இதற்கு ‘லேக் எஃபெக்ட் ஸ்னோ’ என்று பெயர். கனடாச் செய்திகளில் ‘ஸ்னோ ஸ்குவால்’ என்று கேட்டிருப்பீர்கள். ரொறன்ரோவில் வீட்டு விலை தாங்காமல் வடக்கே வீடு வாங்கி வருகிற நம் ஆட்கள் பலர், முதல் நவம்பரிலேயே இதைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல் பற்றி ஒரு விஷயம். தமிழில் பனி என்றால் புல்லில் நிற்கும் துளியும் பனிதான், மார்கழி மூட்டமும் பனிதான், வானத்திலிருந்து விழும் வெள்ளைப் பஞ்சும் பனிதான். இதனால்தான் இங்கே வீடுகளில் எல்லோரும் ‘ஸ்னோ’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரையில் பனி என்று வருகிற இடமெல்லாம் அந்த ஸ்னோதான்.

ஊரில் திருவெம்பாவைக் காலத்தில் விடிய எழும்பிக் கோயில் கேணியில் கால் நனைத்தவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். வெளியே குளிர் காதைக் கடிக்கும். தண்ணீரில் காலை வைத்தால் இளஞ்சூடு. நீருக்கு மேல் மெல்லிய புகை மாதிரி ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். யாரும் அடுப்பு மூட்டவில்லை. தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். காற்று அப்படியில்லை, ஒரே இரவில் ஆறிவிடும். ஆகவே குளிர் வந்த புதிதில் தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். கேணிக்கு மேல் எழும்பிய அந்த ஆவியை ஒரு தீவளவு பெரிதாக்கிப் பாருங்கள். மீதிப் பாதி வந்துவிடும்.

தீவளவு என்று சும்மா சொல்லவில்லை. வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்து: சுப்பீரியர், மிச்சிகன், ஹூரன், ஈரி, ஒன்ராறியோ. சுப்பீரியர் மட்டும் 82,000 சதுர கி.மீ.க்கு மேல். முழு இலங்கையையும் அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். ஐந்திலும் பரப்பில் சிறியதான ஒன்ராறியோ ஏரியே 311 கி.மீ. நீளம். கோடை முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்ட இவ்வளவு தண்ணீரின் மேல், நவம்பரில் ஆர்க்டிக் பக்கமிருந்து முதல் குளிர்காற்று வந்து இறங்குகிறது.

அந்தக் காற்று ஏரிக்கு வரும்போது வறண்டு, குளிர்ந்து கிடக்கும். ஏரியைக் கடக்கிற சில மணி நேரத்தில் அதன் அடித்தட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. சூடான காற்று லேசானது, மேலே போகும். இடியப்பச் சட்டியின் மூடியைத் திறந்தால் ஆவி எப்படி ஒரு தூணாக எழும்புமோ அப்படி. மேலே போகப்போக அது ஆறும், ஈரம் மேகமாகும், மேகத்துக்குள் பனித்துகள் பிறக்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய் அக்கரையில் கொட்டும். இக்கரையில் நிற்பவருக்கு வெயில், அக்கரையில் இருப்பவருக்கு ஷவல்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் இது நடக்கும் என்பதற்கு வானிலை ஆய்வாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. ஏரியின் மேற்பரப்புக்கும், அதற்கு மேலே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் குறைந்தது 13 பாகை செல்சியஸ் வேறுபாடு வேண்டும். ஏன் இந்த எண்? மேலே எழும்புகிற காற்று, எழும்புவதாலேயே ஆறும். மேகம் உண்டாகும் வரை கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை, மேகத்துக்குள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒன்றரைக் கிலோமீற்றர் ஏறியும் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் அது மேலும் ஏறும். சுற்றுக்காற்று அதைவிடக் குளிராக இருக்க வேண்டுமென்றால் வேறுபாடு அந்த அளவுக்குப் போக வேண்டும். நவம்பர் நடுப்பகுதியில் ஈரி ஏரியின் தண்ணீர் 9, 10 பாகை இருக்கும். மேலே −5 என்றாலே கணக்குச் சரி. உண்மையான ஆர்க்டிக் காற்று வந்தால் மேலே −10, −15 வரை இறங்கும். அப்போது மணிக்கு ஐந்து செ.மீ., சில நேரம் அதற்கும் மேல் கொட்டும். இடி மின்னலோடுகூடப் பனி விழுவதுண்டு. முதல் தடவை கேட்டபோது பக்கத்து வீட்டில் ஏதோ வெடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்தது திசை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் வாசலில் கொடியைப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம். காற்று தண்ணீருக்கு மேல் எவ்வளவு தூரம் ஓடி வருகிறதோ அவ்வளவு ஈரம். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 388 கி.மீ. நீண்டு கிடக்கிறது. அகலம் அதிகபட்சம் 92 கி.மீ.தான். காற்று குறுக்கே வீசினால் ஓடும் தூரம் குறைவு. மெல்லிய பனிக்கோடுகள் பல உண்டாகி, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போகும். காற்று நெடுக்கே வீசினால் கதை வேறு. இரண்டு கரைப் பக்கமிருந்தும் காற்று நடுவே குவிந்து, ஏரி முழுக்க நீளும் ஒற்றைப் பட்டையாகி, கிழக்கு முனையில் வெளியேறும். அந்த முனையில் இருக்கிற நகரம்தான் பஃபலோ.

இந்தப் பட்டையின் அகலம் சில சமயம் பத்து, இருபது கி.மீ.தான். நீளமோ நூற்றுக்கணக்கான கி.மீ. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கும் கையைச் சற்றுத் திருப்பினால் நுனியில் தண்ணீர் விழும் இடம் எங்கேயோ போய்விடும். காற்றின் திசை ஐந்து, பத்து பாகை மாறினால் பனி ஒரு ஊரை விட்டு அடுத்த ஊருக்கு நகரும். மாறாமல் நின்றால், நின்ற இடத்திலேயே கொட்டிக்கொண்டிருக்கும்.

2014 நவம்பர் 17 முதல் 19 வரை அப்படித்தான் நின்றது. பஃபலோவுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கும் லங்காஸ்ரர், மேற்கு செனெகா போன்ற இடங்களில் 60 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒன்றரை மீற்றர் பனி. அதே நகரத்தின் வடக்குப் பகுதியில் சில அங்குலங்கள் மட்டுமே. நடுவே சில மைல் தூரம்தான். வடக்கே நின்றவர்கள் தெற்கே பார்த்து எடுத்த படங்களில், நீல வானத்துக்குக் கீழே அந்த வெள்ளைச் சுவர் அப்படியே செங்குத்தாக நிற்கும். நியூயோர்க் மாநிலத்தின் துரூவே நெடுஞ்சாலையில் வாகனங்கள் புதைந்தன. நயாகரா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரு நாளுக்கும் மேல் பேருந்துக்குள்ளேயே கிடந்தது. எட்டு வருடம் கழித்து, 2022 நவம்பரில், ஹம்பர்க், ஓர்ச்சர்ட் பார்க் என்ற பக்கத்து ஊர்களில் 80 அங்குலம், இரண்டு மீற்றர். அங்கே நடக்க வேண்டிய, பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை டிட்ரோயிட் நகரத்துக்கு மாற்றினார்கள்.

கரையை அடைந்ததும் இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. தண்ணீருக்கு மேல் வழுக்கிக்கொண்டு வந்த காற்று மரம், வீடு, மேடு பள்ளம் என்று உரசி வேகம் குறைகிறது. பின்னால் வருகிற காற்று அதன் மேல் ஏறுகிறது. நிலமும் உயர்ந்தால் இன்னும் ஏற வேண்டும். ஏற்றம் என்றாலே இன்னும் பனி. ஒன்ராறியோ ஏரியின் கிழக்குக் கரையைத் தாண்டியதும் டக் ஹில் என்ற மேட்டுநிலம் 600 மீற்றர் அளவுக்கு உயர்கிறது. 2007 பெப்ரவரியில் அதில் உள்ள ரெட்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பத்து நாட்களில் 141 அங்குலம் பதிவானது. மூன்றரை மீற்றர். அங்கே வீடுகளுக்கு மாடியிலும் வாசல் வைப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, ரொறன்ரோவும் ஏரிக்கரையில்தானே இருக்கிறது? அக்கா வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஏரி தெரியும். ஆனால் அவள் இருப்பது ஏரியின் வடமேற்குக் கரையில். குளிர்காற்று வருவதும் வடமேற்கிலிருந்து. அவளைத் தாண்டிய பிறகுதான் காற்று தண்ணீரைத் தொடுகிறது. அது வாங்கும் ஈரமெல்லாம் எதிர்க்கரையில் இருக்கும் அமெரிக்க ஊர்களுக்குப் போய்விடும். அரிதாகக் கிழக்குக் காற்று வீசும் நாளில் மட்டும் ரொறன்ரோவுக்கு ஏரியிலிருந்து கொஞ்சம் கூடுதல் பனி கிடைக்கும். பேரிக்கு வடமேற்கே இருப்பதோ ஹூரன் ஏரியின் ஜார்ஜியன் குடா. ஏறத்தாழ 190 கி.மீ. நீளத்துக்குத் திறந்த தண்ணீர். ஆடி மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கோழி பார்பிக்யூவும் கட்டிக்கொண்டு வசாகா பீச்சுக்குப் போய் இறங்குவோமே, அந்தத் தண்ணீர்தான். அன்று காலுக்கு இதமாக இருந்த சூடு, கார்த்திகையில் எங்கள் கூரை மேல் வந்து இறங்குகிறது. ரொறன்ரோவுக்கு ஒரு வருடத்தில் விழுவது 110, 120 செ.மீ. பனி. பேரிக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஹூரன் ஏரியின் கிழக்குக் கரை முழுக்க இதே நிலைமைதான். 2010 டிசம்பரில் சார்னியாவுக்குப் பக்கத்தில் ஹைவே 402-இல் 300-க்கும் மேற்பட்டவர்கள் பனியில் சிக்கினார்கள், ராணுவ ஹெலிகொப்ரர்கள் வந்து மீட்டன. 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹர்ஸ்ட் பகுதியில் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி ஹைவே 11-ஐ மூட வேண்டி வந்தது. அதற்கும் நேர் தெற்கே இருக்கிற ரொறன்ரோவில் அன்று எல்லோரும் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார்கள்.

குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஏன் இது இவ்வளவு பலமாக இருக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் ஏரி இன்னும் ஆறவில்லை, காற்று ஏற்கெனவே உறைந்துவிட்டது. இரண்டுக்கும் இடைவெளி அப்போதுதான் மிகப் பெரிது. ஆனால் தொடக்ககாலப் பனிக்கு வேறு சில குணங்களும் உண்டு. ஏரி சூடாக இருப்பதால் கரையோரக் காற்றும் சூடாகிவிடும். கரையில் மழை, பத்து கி.மீ. உள்ளே போனால் ஈரப்பனி, இன்னும் மேடேறினால் காய்ந்த பனி என்று ஒரே மேகத்தின் கீழ் மூன்றையும் பார்க்கலாம். சில நேரம் சவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள் காரின் மேல் பொத்துப்பொத்தென்று விழும். கையில் எடுத்து நசுக்கினால் மாவாகும். பனிப்பூவின் மேல் மேகத்துளிகள் ஒட்டி உறைந்து உருண்டையானது அது. ஆலங்கட்டி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைச் சவ்வரிசி என்றே சொல்கிறோம்.

2006 ஒக்டோபர் 12, 13 திகதிகளில் பஃபலோ விமான நிலையத்தில் 22.6 அங்குலம், 57 செ.மீ. விழுந்தது. அளவு மட்டும் பார்த்தால் அந்த ஊருக்கு அது பெரிய சங்கதியில்லை. ஆனால் மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. ஈரப்பனி ஒவ்வொரு இலையிலும் தேங்கி, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. டிசம்பரில் விழுந்திருந்தால் மரங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இந்தப் பருவம் எப்போது முடியும் என்பது ஏரியின் ஆழத்தைப் பொறுத்தது. ஈரி ஐந்து ஏரிகளிலும் ஆழம் குறைந்தது, சராசரி 19 மீற்றர். சீக்கிரம் ஆறும், சீக்கிரம் உறையும். உறைந்தால் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி, ஆவி நின்றுவிடும். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர். அது முழுதாக உறைவது அரிது, அதனால் மார்ச் வரைகூடக் கொட்டும். ஏரி உறைந்துவிட்டால் நிம்மதி என்று சொல்லவும் முடியாது. 1976-இல் ஈரி ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. அதன் பிறகு விழுந்த பனியெல்லாம் கரையாமல் ஐஸின் மேல் மாவு மாதிரி சேர்ந்தது. 1977 ஜனவரி கடைசியில் புயல்காற்று வந்து அந்தப் பனியை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து பஃபலோவில் போட்டது. அந்தப் பெரும் பனிப்புயலில் ஊரை மூடியதில் அன்று வானத்திலிருந்து புதிதாக விழுந்தது கொஞ்சம்தான்.

இனி அளப்பது பற்றி. இத்தனை கிலோமீற்றருக்குள் இத்தனை மாற்றம் என்றால், வானொலியில் சொல்லும் ஒரு விமான நிலையத்தின் அளவு நம் தெருவுக்குப் பொருந்தாது. ராடர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கோடை இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரம் போகும், ஏரிப் பனி மேகத்தின் உச்சியோ பெரும்பாலும் இரண்டு, மூன்று கி.மீ.தான். பூமி வளைவதால் ராடரின் கதிர் தூரம் போகப்போக நிலத்தைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். நூறு, நூற்றைம்பது கி.மீ. தள்ளி அது மேகத்தின் தலைக்கு மேலாலேயே போய்விடக்கூடும். கீழே பனி கொட்டிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. இந்த ஓட்டையை அடைப்பது பின்வளவில் அடிமட்டத்தோடு (ரூலரோடு) நிற்கும் சாதாரண ஆட்கள்.

இப்படி அளப்பவர்களைச் சேர்த்து நடத்தும் ஒரு வலையமைப்பு உண்டு. பெயர் கோகோராஸ். 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் கொலின்ஸில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. ஊரின் ஒரு பக்கத்தில் பெய்த அளவுக்கும் மறுபக்கத்தில் பெய்ததற்கும் சம்பந்தமே இல்லை. அந்த அனுபவத்திலிருந்து 1998-இல் தொடங்கினார்கள். இப்போது கனடாவிலும் இயங்குகிறது. சம்பளம் கிடையாது, படிப்பும் கேட்பதில்லை. காலையில் அளந்து எண்ணைப் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வருடம் நான் வாசல் படியில் அடிமட்டத்தைக் குத்தி அளந்தேன். அது பிழை. படிக்குக் கீழே வீட்டின் சூடு, பக்கத்தில் சுவர், சுவரில் மோதித் திரும்பும் காற்று. ஒரு முனையில் நாலு செ.மீ., மறுமுனையில் பதினைந்து. புல்லில் குத்தினால் அடிமட்டம் புல்லுக்குள் இறங்கி இரண்டு செ.மீ. கூட்டிச் சொல்லும். அதனால்தான் பலகை. நாற்பது செ.மீ. சதுரத்தில் ஒரு பிளைவூட் துண்டு, வெள்ளைப் பெயின்ற் அடித்தது. கறுப்பாகவோ மர நிறமாகவோ விட்டால் வெயில் பட்டுச் சூடாகி அடிப்பனியை உருக்கிவிடும். மரத்துக்கும் மதிலுக்கும் தள்ளி, காற்று சுழலாத இடத்தில் நிலத்தோடு படிய வைக்க வேண்டும். மூலையில் ஒரு நீளக் குச்சியை நட்டுவிடுங்கள். இருபது செ.மீ. விழுந்த காலையில் பலகை எங்கே என்று தேடி, மிதித்துக் குழப்பிவிடுவீர்கள்.

காலை ஏழு மணிக்கு நான் செய்வது இது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய், பலகையின் மூன்று நான்கு இடங்களில் அடிமட்டத்தை நேராக இறக்கி, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்ப்பேன். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு தப்பும். சராசரியை எழுதிக்கொள்வேன். பிறகு பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மட்டத்துக்கு மேலே திரும்ப வைப்பேன். கையுறையைக் கழற்றி எழுதுவதற்குள் விரல் மரத்துவிடும், பேனா மையும் சில நாள் உறைந்துவிடும். பென்சில்தான் நல்லது.

துடைப்பதற்கும் ஒரு விதி உண்டு. ஒரு நாளுக்கு ஒரு தடவை அளந்தால் போதும். அதிகம் அளக்க விரும்பினால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதாவது நாளுக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. காரணம், பனி தன் பாரத்தாலேயே அமுங்கும். புதிதாக அரைத்துக் கொட்டிய அரிசி மாவு பெட்டியில் மெதுவாகத் தணிவதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கொரு தடவை அளந்து துடைத்து அளந்து துடைத்துக் கூட்டினால், அமுங்க நேரமே கிடைக்காத பஞ்சையெல்லாம் கூட்டிப் பெரிய எண் ஒன்று வரும். தொடாமல் விட்டிருந்தால் அவ்வளவு நின்றிருக்காது.

இது வெறும் பிடிவாதமான விதி என்று நினைத்தால், டக் ஹில் மேட்டில் இருக்கும் மொன்ரேகு என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 1997 ஜனவரி 11, 12-இல் அங்கே ஒரு தன்னார்வலர் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் அளந்தார். 196 செ.மீ., ஒரு ஆள் உயரத்தையும் தாண்டிய பனி. அமெரிக்காவின் ஒரு நாள் சாதனை அதுவரை 75.8 அங்குலம், 1921 ஏப்ரலில் கொலராடோவின் சில்வர் லேக்கில் பதிவானது. ஒன்றேகால் அங்குலத்தால் அது முறிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நிபுணர் குழு ஒன்று விசாரித்தது. அந்த 24 மணி நேரத்துக்குள் ஆறு தடவை அளந்திருந்தார்கள். விதிப்படி அதிகபட்சம் நாலு. அதனால் 77 அங்குலத்தைச் சாதனையாக ஏற்க மறுத்துவிட்டார்கள், சில்வர் லேக்கின் எண்ணே நின்றது. அவர் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. அவர் அளந்த பனி உண்மையாக விழுந்த பனிதான். ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே மாதிரி அளந்திருக்க வேண்டும். கொட்டும் பனியில் இரவு முழுக்க எழும்பி எழும்பிப் போய் அளந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டப்படும். குழு செய்தது சரி என்பதும் தெரியும்.

ஆழத்தோடு இன்னொன்றையும் அளக்கலாம்: அந்தப் பனியை உருக்கினால் எவ்வளவு தண்ணீர். மழைமானியின் உள்குழாயையும் புனலையும் குளிர்காலத்தில் கழற்றி வைத்துவிடுவோம், வெளி உருளை மட்டும் வெளியே நிற்கும். காலையில் அதை உள்ளே எடுத்து வந்து, அளந்த வெந்நீரை ஊற்றிப் பனியை உருக்கி, மொத்தத்திலிருந்து ஊற்றியதைக் கழித்தால் வந்துவிடும். பொதுவாகச் சொல்லும் கணக்கு பத்துக்கு ஒன்று, 10 செ.மீ. பனி என்றால் 10 மி.மீ. தண்ணீர். ஏரிப் பனி இந்தக் கணக்குக்கு அடங்காது. மேகத்துக்குள் −12 முதல் −18 பாகை வரை இருந்தால் கிளை கிளையாக விரியும் நட்சத்திரப் பூக்கள் உண்டாகும். அவை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்பதால் நடுவே எல்லாம் காற்று. இருபதுக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று சாதாரணம். 24 செ.மீ. பனியை உருக்கினால் உருளையின் அடியில் 8 மி.மீ.தான் நிற்கும். இந்தப் பனியை ஷவலால் அள்ளத் தேவையில்லை, தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிடலாம். நவம்பர் தொடக்கத்தின் ஈரப்பனியோ ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று. பத்து செ.மீ. என்று குறைத்து மதிப்பிட்டு ஒரே மூச்சில் அள்ளப்போனால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வயதானவர்களுக்கும் இதய வருத்தம் உள்ளவர்களுக்கும் இந்தப் பனிதான் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று அள்ளுங்கள். செ.மீ.யை மட்டும் பார்க்காமல் பாரத்தையும் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், அவரும் ஒவ்வொரு வருடமும் எனக்கு முன்னால் ஷவலோடு நிற்பார்.

அளக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் விடுகிற தவறு ஒன்று உண்டு. பனி விழுந்த நாளில் ஓடிப்போய் அளந்து பதிவார்கள். விழாத நாளில் ஒன்றும் பதியமாட்டார்கள். பதியாத நாள் வரைபடத்தில் வெற்றிடமாக நிற்கும். அங்கே பனி விழவில்லையா, அல்லது அளப்பவர் தூங்கிவிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. ஏரிப் பனியில் பட்டையின் விளிம்பு எங்கே என்பதுதான் பெரிய கேள்வி. அந்த விளிம்பை வரைவது பனி விழுந்த ஊரும் விழாத ஊரும் சேர்ந்துதான்.

இதைச் சொல்லிச் சொல்லி, போன வருடம் அக்காவின் பின்வளவிலும் ஒரு வெள்ளைப் பலகை வைத்துவிட்டேன். டிசம்பரில் ஒரு காலை எங்கள் பலகையில் 31 செ.மீ. நின்றது. குச்சியின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அளந்து முடித்து உள்ளே வந்து அக்காவுக்கு போன் எடுத்தேன். "இங்க வெறும் பலகைதானடா கிடக்கு, வெயிலும் எறிக்குது. இதையும் போய்ப் பதியோணுமே?" என்று கேட்டாள். ஓம் அக்கா, பதியுங்கோ என்றேன். அன்றைய வரைபடத்தில் எங்கள் வீட்டின் மேல் 31, அவள் வீட்டின் மேல் 0.0.